நம் வீட்டுப் பொதுப்பணித் துறை

சென்னையில் வெள்ளம் என்பது அரசாங்கக் கணக்கில் மூன்று நாள் சமாச்சாரம். முதல் நாள் எச்சரிக்கை, இரண்டாம் நாள் படகு, மூன்றாம் நாள் இயல்பு நிலை திரும்பியது என்று அறிக்கை. அந்த இயல்பு நிலை எந்தத் தெருமுனையில் எந்தப் பக்கமாகத் திரும்பியது என்று ஒருவரும் கேட்பதில்லை. கொட்டிவாக்கத்தில் எங்கள் தெருவை அது திரும்பிப் பார்த்ததோடு சரி, உள்ளே வரவில்லை.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கத்தில், ஐந்தாம் தேதி. அதற்கு முந்தின நாளே தண்ணீர் எங்கள் வீட்டுக் கட்டில் சட்டத்தைக் கடந்துவிட்டது. வாசலில் மணல் மூட்டை அடுக்கி, மூட்டைக்கு மேல் பழைய போர்வையைத் திணித்து, குடும்பமே காவல் நின்றது. வெள்ளம் வாசல் பக்கமே வரவில்லை. பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிறதே, அதன் வழியாகத் தெருச் சாக்கடை மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு குபுகுபுவென்று மேலே ஏறி வந்தது. நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, அது பின்னால் வந்து காலைத் தொட்டது.

காரப்பாக்கத்தில் நடிகர் ஆமிர் கானைப் படகில் ஏற்றிப் போன படம் இந்தியா முழுக்க ஓடியது. படம் பிடித்தாயிற்று, படகு போயிற்று, பம்ப் செட்டும் போயிற்று. ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர்கள் வந்து, கையை நீட்டி எதையோ காட்டி, போனார்கள். கடைசியாக மாநகராட்சி வண்டி வந்து தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் நேர்கோடு போட்டது. கிருமிகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போலிருக்கிறது. கோடு போட்ட கையோடு வெள்ளம் அதிகாரபூர்வமாக முடிந்துவிட்டது.

எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

வடிகால், நிவாரண முகாம், தூர் வாருதல், மறுசீரமைப்பு, ஆய்வுக் கூட்டம் என்று அரசாங்கம் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் 900 சதுர அடிக்குள் ஒரு குடும்பம் செய்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரு பொதுப்பணித் துறை. நிதி கிடையாது, ஜீப் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. துறைக்குள் வேலைப் பங்கீடு மட்டும் அசலில் இருப்பது போலவே இருந்தது. என் வீட்டுக்காரர் "நாம எல்லாத்தையும் க்ளீன் பண்ணிடலாம்" என்றார். அந்த "நாம"வில் யார் யார் உண்டு என்பது ஈர மெத்தையைத் தூக்கும்போது தெரிந்தது. பஞ்சு மெத்தை தண்ணீர் குடித்தால் பிணத்தின் கனம் கனக்கும். ஒரு பக்கம் நான், மறு பக்கம் எதிர்வீட்டு அக்கா. அவர் வீட்டு மெத்தைக்கு நான். தெருவில் எங்கு பார்த்தாலும் பெண்கள்தான் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் போனில் வாட்டர் ப்ரூஃபிங் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மக்கள் ஒத்துழைப்புடன் பணிகள் விரைந்து நடைபெறுகின்றன" என்று அறிக்கையில் வருமே, அந்த மக்கள் நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருப்பார்கள்.

அடுப்பு ஹாலுக்கு வந்தது. ஹாலில் இருந்த டிவி பெட்ரூமுக்குப் போனது. பெட்ரூமில் இருந்த எல்லாம் மொட்டை மாடிக்கு. ஃப்ரிட்ஜ் நான்கு செங்கல் மேல் நின்று, ஓடாமல், மரியாதைக்குரிய ஒரு அலமாரியாகக் காலம் தள்ளியது. பார்ட்டிக்கிள் போர்டில் செய்த வார்ட்ரோப் கீழ்ப்பக்கம் ரஸ்க் போல உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. மாமனார் காலத்து இரும்பு பீரோ துரு ஏறிக் கதவு சிக்கிக்கொண்டாலும் நின்ற இடத்தில் நின்றது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டதால் டாய்லெட்டுக்கு மாடி வீடு. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட என் அத்தை, ஒவ்வொரு முறையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி, குடித்தனக்காரர் கதவைத் தட்டி, "கொஞ்சம் போயிட்டு வந்துடறேம்மா" என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த மாடியே அவர் புருஷன் கட்டியது. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்திக்கொண்டார். அதை எந்தச் சேதக் கணக்கெடுப்பிலும் எழுத இடமில்லை.

பிறகு மேஸ்திரி வந்தார். இசிஆருக்கும் ஓஎம்ஆருக்கும் நடுவில் அந்த மாதம் முதலமைச்சரை விடப் பிஸியாக இருந்தவர் மேஸ்திரிதான். சுவரைத் தட்டிப் பார்த்தார். டொப் டொப் என்றது.

"அக்கா, சொவுரு நல்லா தண்ணி குடிச்சிருக்குது. ஓதம் மேல ஏறும். பூச்சைக் கொத்தி எடுத்தாத்தான் ஆவும்."

"எவ்வளவு உயரம்?"

"தண்ணி நின்ன கோட்டுக்கு மேல ஒரு அடி, ஒண்ணரை அடி. அதுக்கப்புறம் காயணும். அவசரப்பட்டா உப்பு பூத்துடும்."

அவர் சொன்னது முழு உண்மை. செங்கல்லுக்குள் போன தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போகாது. உப்பை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் மேல்தோலுக்கு வரும். வெயில் ஏறி, சுவர் காய்ந்து, உப்பைச் சுரண்டி எடுத்து, அதன்பிறகுதான் பூச வேண்டும், பட்டி பார்க்க வேண்டும். ஆனால் பொங்கல் வருகிறதே! கொட்டிவாக்கத்தில் பாதி வீடுகள் பொங்கலுக்குள் பளிச்சென்று ஆகிவிட்டன. மாசி பிறந்ததும் அதே வீடுகளில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் வெள்ளை மாவாகக் கொட்டியது. ஒன்றும் ஆச்சரியமில்லை. கீழே ஈரம் இருக்கட்டும், மேலே வெள்ளை அடி என்பதுதானே ஊரை ஆளும் கொள்கை. குடிமக்களும் கற்றுக்கொள்கிறார்கள்.

கொத்த ஆரம்பித்த நாள் முதல் வீட்டில் யாரும் யாரிடமும் சாதாரணக் குரலில் பேசியதில்லை. சுத்தியல் சத்தத்துக்கு மேல் கத்த ஆரம்பித்து, சுத்தியல் நின்ற பிறகும் கத்திக்கொண்டிருந்தோம். உப்பு எங்கே என்று கேட்பதுகூடச் சண்டை போலத்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு க்ளையன்ட் ஒருவர் கூட்டத்துக்கு நடுவில் அது என்ன சத்தம் என்று கேட்டார். "இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டெவலப்மென்ட்" என்று இவர் பதில் சொன்னார். மகன் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து சமூக அறிவியல் படித்தான். பாடம் பேரிடர் மேலாண்மை. வெள்ளத்துக்கு முன், வெள்ளத்தின்போது, வெள்ளத்துக்குப் பின் என்று வரிசையாகக் கேள்வி பதில். "அம்மா, 'பின்'னுல ஒண்ணுமே சரியா போடலையே" என்றான். புத்தகத்தில் மட்டும்தானா இல்லை?

மேஸ்திரியோடு ஒரு சித்தாள் அக்கா வந்தார். இடித்த பூச்சை அள்ளிச் சாக்கில் கட்டி, தலையில் ஏற்றி, வெளியே கொட்டுவது அவர் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. முன்பு அடையாற்றுக் கரையோரக் குடிசை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டுச் சதுப்பு வெள்ளத்தில் குடிவைத்த புண்ணியம் நம் மறுவாழ்வுத் திட்டத்துக்கு உண்டு.

"உங்க வீட்டுல தண்ணி வந்துச்சாக்கா?"

"வராம? கீழ் வூடுதானே நம்மளுது. அரிசி, துணி, எல்லாம் போச்சு."

"சுவரு?"

அவர் சிரித்தார். "அதை யாருமா கொத்துவா?"

அடுத்தவர் வீட்டு ஈரச் சுவரைத் தலையில் சுமந்து கொட்டிவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்துத் தன் ஈரச் சுவருக்குத் திரும்பிப் போகிற ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, என் வார்ட்ரோப் உப்பிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. கோபம் அப்போதுதான் சரியான இடம் தேடிப் போயிற்று. மேஸ்திரி நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் இருப்பார், உண்மைதான். ஆனால் நாளைக்கு வருகிறேன் என்று 2015 முதல் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் வேறு ஆட்கள்.

2015 வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை அறிக்கையே சொன்னது. எந்த மனிதர் என்றுதான் இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு நிவாரணப் பொட்டலத்தில் ஆளுங்கட்சிக்காரர்கள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஆட்சி மாறியது. 2021இல் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். 2023இல் குழு அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டில் டிசம்பரும் வந்தது. பிறகு 4,000 கோடி ரூபாய் வடிகால் எங்கே என்று ஒரு கட்சி கேட்க, வடிகால் இருந்ததால்தான் இந்த அளவோடு போயிற்று என்று இன்னொரு கட்சி சொல்ல, வேலை இத்தனை முடிந்தது என்று மழைக்கு முன் மேடையில் சொன்ன சதவீதமும் மழைக்குப் பின் பேட்டியில் சொன்ன சதவீதமும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் விழித்தன. எங்கள் வீட்டிலும் குழு உண்டு. அத்தையும் வீட்டுக்காரரும் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் பரணை இன்னும் உயரமாக்குவது என்று முடிவெடுத்தார்கள். எங்கள் குழுவின் பரிந்துரையாவது அமலுக்கு வந்தது.

இந்த இடத்தின் பூகோளத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கே கடல். கடலோரம் மணல் மேடு. மேடு இறங்கினால் இசிஆர். அதற்கு மேற்கே பள்ளம், பள்ளத்தில் பக்கிங்காம் கால்வாய், அதையும் தாண்டினால் ஓஎம்ஆர், அப்புறம் பெருங்குடிக் குப்பைமேடு, சதுப்பு நிலம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காடு வரை நடந்து கடலில் சேர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடல் அத்தை நடக்கிற தூரம். தண்ணீருக்கோ தலைமைச் செயலகத்தில் கோப்பு சுற்றுகிற சுற்று.

5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அந்தஸ்து வாங்கியபோது 1,247 ஹெக்டேர்தான் கணக்கில் வந்தது. மிச்சம் எங்கே என்று ஃப்ளமிங்கோ பறவைகளைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடிக் கட்டடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, அரசின் சொந்த அலுவலகங்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் பழைய முகவரிக்கு வந்து கதவைத் தட்டினால் அதற்குப் பெயர் வரலாறு காணாத மழை.

இன்னொரு கூத்து. மழைநீரை உறிஞ்சிக் குடித்து நிலத்தடியில் சேர்த்து வைக்கிற கடலோர மணல் பகுதி இருக்கிறதே, கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று உத்தண்டி வரை, அங்கேதான் ஜெர்மன் வங்கிக் கடனில் கான்கிரீட் வடிகால் கட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். அங்கிருப்பவர்களும் மீனவர்களும் எங்களுக்கு வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் நின்றார்கள். மணல் தானே குடிக்கிற இடத்தில் வடிகால் வேண்டாம் என்று ஜனங்கள் வழக்குப் போட வேண்டும். தண்ணீர் நிற்கிற இடத்தில் வடிகால் வேண்டும் என்று ஜனங்கள் மறியல் செய்ய வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை நமக்குத்தான்.

எங்கள் பெரியப்பா தியாகராய நகரில் இருக்கிறார். டிசம்பர் சீசனில் கச்சேரி கேட்கப் போகிற வழியில் மயிலாப்பூரிலிருந்து போன் செய்தார். பின்னணியில் சபா கேன்டீன் இரைச்சல். "ஏரியில வீடு வாங்கினா தண்ணி வராம என்னம்மா வரும்?" என்று கேட்டார். படித்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் உட்பட. பெரியப்பா இருக்கிற தியாகராய நகரே 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து அரசாங்கம் மனை போட்டு விற்ற ஊர்தான். ஏரிக்கரைச் சாலை என்று பெயர் வைத்துக்கொண்டு நுங்கம்பாக்கத்தில் இருப்பவர்கள் எந்த ஏரியின் கரையில் நிற்கிறார்கள்? முந்தியவர்கள் மூழ்கடித்ததற்குப் பெயர் நகரமைப்பு, பிந்தியவர்கள் மூழ்குவதற்குப் பெயர் பேராசை. என் மாமனார் இந்த மனையை வாங்கியபோது பதிவுத் துறை முத்திரை வாங்கிக்கொண்டது, பிளான் அப்ரூவல் ஆயிற்று, மின்வாரியம் கம்பி இழுத்தது, 2011இல் ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்ததும் வரி ரசீது நீலாங்கரை தூரத்துக்கு நீண்டது. ஒரு துறையாவது இது பள்ளம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே மாதிரிதான் வரி வாங்குகிறார்கள்.

அதிலும் இது பிறவிப் பள்ளமில்லை. மாமனார் கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வர வேண்டும் என்று அத்தை சொல்வார். இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். வீடு தாழவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பழைய தாருக்கு மேல் புது தார், அதற்கு மேல் இன்னொரு தார். சாலை போடும் முன் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. அந்த உத்தரவுக்கு மேலேயும் எங்கள் தெருவில் ஒரு கோட்டிங் தார் ஊற்றிவிட்டார்கள்.

இதற்கும் குடும்பம்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து, அஸ்திவாரத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கி வைத்து, முழு வீட்டையும் அங்குலம் அங்குலமாக மூன்று அடி, நான்கு அடி தூக்கிக் கொடுக்கிறார்கள். சென்னையில் எத்தனையோ வீடுகளை இப்படித் தூக்கியாயிற்று. ஒரு நகரம் தன் சாலையைக் கீழே வைத்துக்கொள்ளத் துப்பில்லாமல், குடிமக்கள் தங்கள் வீட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தூக்கிய வீட்டுத் தண்ணீர் தூக்காத பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்களும் தூக்குவார்கள். எல்லோரும் தூக்கி முடித்ததும் சாலைக்கு டெண்டர் விடுவார்கள். காருக்காவது வழி பிறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அரசாங்கம் கட்டியதில் வெள்ளத்துக்கு உருப்படியாகப் பயன்பட்ட ஒன்று அந்த மேம்பாலம். அத்தையை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை.

காப்பீடு எடுக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்திருந்தோம். பார்வையிட வந்தவர் ஃப்ரிட்ஜ் வாங்கிய பில் கேட்டார். பில் இருந்த ஃபைலை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தேன். பக்கங்கள் அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. "க்ளியரா இல்லையே மேடம்" என்றார். அவர் போனபிறகு அத்தை கேட்டார், "தண்ணி வந்ததுக்கு பில் இருக்கான்னு கேட்டானா?"

கடைசியாக நிவாரணம். மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17, ரேஷன் கடையில் டோக்கன் வாங்கியவர்களுக்கு 6,000 ரூபாய் ரொக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சித்தாள் அக்கா வீட்டில் அது அரிசி ஆகியிருக்கும், பிள்ளைக்குச் சீருடை ஆகியிருக்கும். மறுபக்கம் தமிழ்நாடு இந்த வெள்ளத்துக்கும் அதே மாதம் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்துக்கும் சேர்த்து 37,907 கோடி ரூபாய் கேட்டது. டெல்லி பல மாதம் யோசித்து, தேர்தல் நேரத்தில், 276 கோடி அறிவித்தது. நடுவில் அது யார் அப்பன் வீட்டுப் பணம் என்று உதயநிதிக்கும் நிர்மலா சீதாராமனுக்கும் சொற்போர். அப்பன் என்ற வார்த்தை மரியாதையானதா என்று ஒரு வாரம் நாடே பேசியது. அந்த வாரம் என் வீட்டுக்காரரின் அப்பன் கட்டிய வீட்டில் பூச்சு கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான் பெயின்ட் கடை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பெயின்ட், பட்டி, டைல்ஸ் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சிமென்டுக்கு அப்போது 28, செஸ் நீங்கலாக ஆடம்பரக் காருக்கு அன்று போட்ட அதே விகிதம். சிமென்டை விட்டுவிடுவோம். வெள்ளத்தில் கெட்ட ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு இந்தச் சாமான்களை வாங்கினால் அதற்குள் 15,000 ரூபாய்க்கு மேல் வரி. பாதி கோட்டைக்கு, பாதி டெல்லிக்கு, ஆளுக்கு 7,600. கோட்டை கொடுத்தது 6,000, வாங்கிக்கொண்டது 7,600. டெல்லி எங்கள் கையில் ஒரு ரூபாயும் வைக்காமல் 7,600. வெள்ளத்தில் எங்கள் தெருவில் லாபம் பார்த்தவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

கடைக்காரர் இரண்டு பேருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். ரேஷன் கார்டு கேட்கவில்லை, விடிகாலையில் வந்து வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று விசாரிக்கவில்லை. இதற்கு மட்டும் டோக்கன் வேண்டாமாம்.